மறுகா

குரல்செய்திகள் ஏழு.
ஒன்றும் ஒரு நிமிடம் தாண்டவில்லை.
இயந்திர இரைச்சலுக்குள் நின்று
அவர் சொல்லிக்கொண்டு போகிறார்:
இறைச்சிய உருட்டாத, தட்டு.
மறுகா நடுவில பெருவிரலால ஒரு குழி.
மறுகா தயிர், வெள்ளரிக்காய், உள்ளி.
அதுக்குப் பேர் சசிக்கி.

ஆரது சசிக்கி என்று பதில் போட்டேன்.
ஒற்றை டிக் விழுந்து அப்படியே கிடந்தது.
கப்பல் சூயஸுக்கு
இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ.

யோசிகாவுக்குப் பதினொரு வயது பிறக்கிறது.
கேக் வேண்டாமாம்.
அப்பா படம் அனுப்பிய
அந்தக் கிரேக்க பர்கர்தான் வேணுமாம்.

நாவற்குடாவில் கிரேக்கத்தை எங்கே போய்த் தேட?
படுவான்கரையிலிருந்து சட்டியோடு வந்த எருமைத் தயிரை
வெள்ளைத் துணியில் கட்டி
ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன்.
இரா முழுக்கச் சொட்டியது.
விடியப் பார்த்தால்
சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடக்கிறது,
கரண்டியைக் குத்தினால் நிற்கிறது.

அந்த வெள்ளைக் கட்டிக்கு
பாலைத் தேசிக்காய் விட்டுத் திரித்தேன்,
அம்மிக் குழவியை மேலே ஏற்றினேன்.
அந்த வாசனை இலைக்கு
சின்னவனின் தடிமனுக்கென்று வளர்த்த கற்பூரவள்ளி.
கடையில் ஒலிவ் போத்தலின் விலையைப் பார்த்துவிட்டு
இருந்த இடத்திலேயே வைத்தேன்.
பள்ளிக்கூட வாசலில் உப்பும் தூளும் போட்டு விற்கும்
வெரளிக்காய் போதும்.
அதுவும் பச்சை, அதுவும் புளிப்பு,
அதற்கும் உள்ளே ஒரு கொட்டை.

காத்தான்குடி அஸ்மீர் காக்கா கேட்டார்:
கொத்தி அரைச்சு எதுக்குத் தங்கச்சி, ரோல்ஸுக்கா?
இல்லை காக்கா, கிரேக்கத்துக்கு.
சிரித்துக்கொண்டே
கொழுப்பு ஒரு துண்டு கூடப் போட்டார்.

பணிஸ் பின்னேரம் பாட்டோடு வந்தது.
முச்சக்கரவண்டிக்காரனிடம்
சீனி தடவாதது நாலு.

ரொட்டிக்கல் காய்ந்து புகைக்கும்போதுதான்
உறைத்தது.
ஏழு செய்தியையும் திரும்பக் கேட்டேன்.
நிறம் சொல்லியிருக்கிறார்.
விரல் மொத்தம் சொல்லியிருக்கிறார்.
எதன் மேல் எது என்று,
வெங்காயம் வட்டமா நீளமா என்றுகூட.
உப்பு எவ்வளவு என்று
ஒரு இடத்திலும் இல்லை.

கேட்டேன்.
கரண்ட் போனது.
ஃபோனைப் போத்தலில் சாய்த்து, அந்த வெளிச்சத்தில்
கைக்கு வந்த அளவு உப்பைப் போட்டேன்.
கல்லில் இறைச்சி சீறியது,
பக்கத்து வீட்டு நாய் மதிலோரம் வந்து நின்றது,
டிக் இரண்டும் நீலமானது.

"அது எனக்குத் தெரியாது புள்ள.
அது கப்டன்ட மேசைக்குப் போறது.
குசினி ஜன்னலால பாக்கிறதுதான்.
எங்களுக்குச் சோறும் பருப்பும்."

இறைச்சியைப் பிரட்டினேன்.
ஒரு பக்கம் கொஞ்சம் கருகிவிட்டது.

மெழுகுதிரி ஒன்று. நாங்கள் மூன்று பேர்.
நாலாவது பணிஸை
யாருக்கென்று கேட்காமல் சின்னவன் பிய்த்தான்.
யோசிகாவுக்கு நாடிவரை தயிர் வழிகிறது,
அப்பா படத்தில இப்படி வழியல்ல அம்மா, என்கிறாள்.
வெரளிக்காய்க் கொட்டைகளைக்
கோப்பை ஓரத்தில் அடுக்குகிறாள்,
எண்ணிக்கை அப்பாவுக்கு அனுப்ப வேணுமாம்.

நான் பதிவை அழுத்தினேன்.
கேளுங்கோ.
முதல்ல தயிர்ட குளிர் படுது.
பின்னால உள்ளி.
இறைச்சி கொஞ்சம் உப்புக் கூட,
அது என்ட பிழை,
ஆனா கற்பூரவள்ளி அதைப் பிடிச்சுக்கொள்ளுது.
கருகின பக்கம்தான் நல்லம்,
கப்டனுக்கு அது கிடைச்சிருக்காது.

நிறுத்தி அனுப்பினேன்.
கரண்ட் வரவில்லை.
கோப்பைகள் கழுவ வேண்டும்,
இந்த இருட்டில் எதைக் கழுவ.

ஃபோன் ஒருமுறை அதிர்ந்தது.
இரண்டு விநாடிச் செய்தி.
பாதிக்கு மேல் இரைச்சல்.

"மறுகா?"